பேர் வெட்டிய பாத்திரம்

மலாத்யா
1924 மார்ச் 9

மிசாக் அண்ணாவின் இரண்டு கைகளுக்கும் முத்தம்.

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பதாக ஈயம் பூசும் யாகூப் சொன்னார். அது உண்மையா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் அவர் எங்கள் முற்றத்தில் துருத்தி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நிமிராமலே பேசினார்.

"போன தடவை அண்டா விளிம்பத் தடவிக்கிட்டே நின்னியே, அப்பவே எனக்கு உறைச்சுது. அலெப்போவுல மிசாக்னு ஒரு பையன் செம்புக் கடையில வேலை பாக்கறான். அவங்கப்பா தோரோஸ் இந்த ஊர்ல பாத்திரத்துக்குப் பேர் வெட்டினவராம். தங்கச்சியத் தேடறான். நீதானாம்மா அது?"

"நான் பெஹியே. எனக்கு அண்ணன் யாரும் கிடையாது" என்றேன்.

"சரி. அப்ப இது அடுப்பு பத்த வைக்க ஆகும்" என்று ஒரு காகிதத்தைக் கரிக்கூடையில் போட்டுவிட்டு, ஈயம் பிடிப்பதற்கான நவச்சாரத்தைப் பாத்திரத்தில் அள்ளித் தூவினார். புகை எழுந்து என் முகத்தை மறைத்தது. நல்லதாகப் போயிற்று.

காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை. தோரோஸ். அப்பா வெட்டுவது போலவே கடைசி எழுத்தை அடுத்து ஒரு கோதுமை மணி. அந்த மணியை அவர் மகனைத் தவிர யார் போடுவார்கள்?

எனக்கு நம் மொழியில் செம்பிலும் கல்லிலும் வெட்டுகிற பெரிய எழுத்துகள் மட்டும்தான் தெரியும். அப்பா பேர் வெட்டும்போது எதிரே உட்கார்ந்து, கரித்துண்டால் தரையில் எழுதிப் பழகியது. அதனால் என் கடிதம் பாத்திர விளிம்பு மாதிரி இருக்கும். சிரிக்காதே.

எனக்கு ஆர்மேனிய எழுத்து தெரியும் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. வீட்டுக்காரர் ரிஃபாத் எஃபெந்தி அரசாங்கத்தில் எழுத்தர். அவர் மனைவி நாஜியே ஹனிமை அம்மா என்று கூப்பிட வேண்டும். பெஹியே அவர்கள் வைத்த பெயர். என்னைப் பெண்கள் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அடிப்பதில்லை. எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்புத் தணலின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். காலடிச் சத்தம் கேட்டால் அப்படியே மடித்துக் காலுறைக்குள் செருகிவிடுவேன். என் கடிதம் பாதியில் நின்றால் அதுதான் காரணம்.

நீ நலமா? சாப்பிடுகிறாயா? படித்ததும் எரித்துவிடு.

உன் தங்கை
பெர்ச்சுஹி

இந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று சற்று நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.


அலெப்போ
1924 ஏப்ரல் 20

என் உயிரே பெர்ச்சுஹி, உன் இரண்டு கண்களுக்கும் முத்தம்.

நலம். இத்தனை வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் வாய் வார்த்தையாகச் சொன்னது, இன்றுதான் உண்மையாயிற்று. உன் கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்கச் சொல்லாதே.

உனக்காக இதைப் பெரிய எழுத்திலேயே எழுதுகிறேன். கடை முதலாளி மிஹ்ரான் எட்டிப் பார்த்து, "என்னடா, கல்லறைக் கல்லுக்கு வாசகமா?" என்றார். "இல்லைங்க, தங்கச்சிக்கு" என்றேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கும் தங்கைகள் இருந்தார்கள்.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கும்? ஒன்பது வருடத்துக்கு முன் அந்தக் கோடையில் அப்பாவையும் மற்ற ஆண்களையும் முதலில் கொண்டுபோனார்கள். பிறகு ஊரிலிருந்த ஆர்மேனியர் எல்லாரையும் தெற்கே பாலைவனத்துக்கு ஓட்டினார்கள். வழியில் ஹனிம் தன் தோட்டத்து வாசலில் நின்றாள். அம்மா உன்னை அவளிடம் விட்டாள். நானும் அம்மாவும் மலையடிவாரம்வரை நடந்தோம். அங்கே பையன்களைத் தனியே பிரித்தார்கள். நான் ஓடி ஒரு குர்து இடையனின் பட்டியில் ஆடுகளுக்கு நடுவே ஒளிந்தேன். கடைசியாகப் பார்த்தபோது அம்மா கூட்டத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். முதுகில் அவளுடைய சின்னப் பானை, சிவப்புக் கச்சையால் கட்டியது.

அந்தப் பானை நினைவிருக்கிறதா? யெஸ்டர் என்று அவள் பெயரை அப்பா வெட்டிவிட்டு, கோதுமை மணியை மட்டும் என்னிடம் கொடுத்தார். உளி வழுக்கி, மணியிலிருந்து ஒரு கோடு வால் மாதிரி இழுத்துவிட்டது. அப்பா கையை ஓங்கினார். "விடுங்க. எலிவால் வச்ச பானை இந்த ஊர்லயே என்கிட்டதான் இருக்கும். எத்தனை கல்யாணத்துக்கு இரவல் போனாலும் தொலையாது" என்றாள் அம்மா. அப்பாவும் அதைத்தானே எப்போதும் சொல்வார்? பேர் வெட்டின பாத்திரம் எங்க சுத்தினாலும் வீட்டுக்கு வந்துடும்.

அம்மா மலையைத் தாண்டியிருப்பாள். முகாம்களுக்குப் போகும்போது பெண்களின் முகத்தைவிட முதுகைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே ஏதாவது செய்தி வந்ததா?

ஒரு வழி இருக்கிறது. யாகூப் நம்மவர் இல்லை, சுரியானிக் கிறிஸ்தவர்; அதனால் அவரை அங்கே விட்டு வைத்திருக்கிறார்கள். குளிர் தொடங்கும்போது தெற்கே இங்கு வருவார். அவருடைய பயண அனுமதிச் சீட்டில் மகளின் பெயரும் இருக்கிறது. மகள் போன குளிரில் இறந்துவிட்டாள். அந்தப் பெயரில் உன்னை அழைத்து வருவதாக, போன தடவை இங்கிருந்து கிளம்பும்போது அவரே சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் வெறும் துருத்தியை ஊதிக்கொண்டிருந்தார். அதுவரை மாதம் ஒருமுறை அவர் மைத்துனரின் கோவேறு கழுதைகள் நம் கடிதங்களைச் சுமக்கும்.

போர்த்திக்கொண்டு தூங்கு.
உன் அண்ணன் மிசாக்


மலாத்யா
1924 மே 17

அண்ணா, கைகளுக்கு முத்தம். நலம்.

உன் சளி தேவலையா என்று யாகூப்பின் மைத்துனரிடம் கேட்டேன். உனக்குச் சளியே இல்லை என்றார். யாரையாவது எதையாவது விசாரிக்க வேண்டும்போல் இருந்தது.

வருகிறேன். இதை எழுதியதும் கதவடியில் போய்க் காது கொடுத்துவிட்டு வந்தேன். ஆனாலும் வருகிறேன்.

ஹனிமின் மகள் முஸெய்யனுக்கு செப்டம்பரில் கல்யாணம். அது முடிந்ததும் எனக்காம். எஃபெந்தியின் தம்பி மகன். ஹனிம் என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "வெளிய கொடுத்தா உன்ன யாருடி மதிப்பா? உன் பொறப்பு எல்லாருக்கும் தெரியும். இங்கயே இருந்துடு, என் கண்ணு முன்னாடி." அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. என் கையை ஹனிமின் கைக்குள் வைத்தபோது அம்மாவின் கை ஈரமாக இருந்தது. என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

எரித்துவிடு என்று இனி எழுதமாட்டேன்.
பெர்ச்சுஹி


அலெப்போ
1924 ஜூலை 6

என் உயிரே, நலம். வெயிலில் தலையை மூடிக்கொள்.

கடைக்கு நம் ஊர் ஆட்கள் வருகிறார்கள். உன்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்கே ஓர் ஆசை. அப்பா வெட்டிய பெயர்கள் எதையாவது அங்கே பார்க்கிறாயா? நம் பாத்திரம் ஏதாவது? அம்மாவின் பானை இருக்காது, அது அவளோடு போயிற்று. மற்றவை எங்கேயோ புழங்கிக்கொண்டுதானே இருக்கும்.

ஆனால் ஜாக்கிரதை. விளிம்பைப் பார்த்தாலும் உன் கண் அங்கே நிற்கக் கூடாது. எழுத்து தெரிந்தவளின் கண் தானாக நின்றுவிடும். யாருக்கும் தெரியாமல் இன்னும் சில மாதம் இருந்துவிட்டால் போதும். நீ இங்கே வந்துவிடுவாய்.

மிசாக்


மலாத்யா
1924 செப்டம்பர் 14

அண்ணா, கைகளுக்கு முத்தம். நீ நலமாக இருக்க வேண்டும்.

நாளை முஸெய்யனுக்குக் கல்யாணம். தெருத் தெருவாகப் பாத்திரம் இரவல் வாங்கி வந்தோம். கழுவிக் கவிழ்த்தது நான். முற்றம் முழுக்கச் செம்பு. எல்லாப் பெயர்களும் தலைகீழாக. எனக்கு அப்படிப் படிப்பதுதான் சுலபம், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டவள்தானே.

மாத்தெயோஸின் மருமகள் ஹெரிக்னாஸ், 1897. சேணம் தைக்கும் போகோஸ் வீடு. ஹாஜி கஸ்பார், எருசலேம் போய் வந்த வருடம். மூன்றாம் மகள் அகாபிக்குத் தாய்வீட்டுச் சீர். அகாபியுடையது ஹனிமின் பெரிய அண்டாதான். இத்தனை வருடம் அதில்தான் எனக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள்.

ஊரே வந்திருந்தது, அண்ணா. எல்லாரும் கல்யாணத்துக்கு வந்து, முகம் கவிழ்ந்து, முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் எல்லாரையும் குளிப்பாட்டினேன். என் கண் எங்கும் நிற்கவில்லை. நம்முடையது எதுவும் இல்லை.

ஒன்று கேட்கட்டுமா? சும்மாதான். அம்மாவின் பானையில் அந்த எலிவால் மேலே போகுமா, கீழே இறங்குமா? எனக்கு மறந்து


அலெப்போ
1924 அக்டோபர் 2

என் உயிரே,

கடிதம் பாதியில் நின்றதைப் பார்த்ததும் மைத்துனரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். உன்னைக் கண்ணால் பார்த்ததாக அவர் சத்தியம் செய்த பிறகுதான் விட்டேன்.

கீழே இறங்கி, இடப்பக்கம் வளையும். உனக்கு நினைவு வர ஆரம்பித்துவிட்டது! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அம்மா கிடைத்ததும் முதலில் இதைத்தான் சொல்வேன்: "உன் மக எலிவால மறக்கல."

நீ எழுதிய பெயர்களை மிஹ்ரானுக்குப் படித்துக் காட்டினேன். அகாபி அவருடைய சின்னம்மா மகளாம். அன்று கடையை மதியமே மூடிவிட்டார்.

உனக்கு ஒரு மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறேன். புதுப் பஞ்சு. இந்த மாதம் முடியட்டும்.

மிசாக்


மலாத்யா
1924 அக்டோபர் 14

அண்ணா, கைகளுக்கு முத்தம்.

உன் கடிதம் கிடைத்தது. கீழே, இடப்பக்கம். சரி.

பெரிய தப்பு செய்துவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் இரவல் பாத்திரங்களை வீடுவாரியாக அடுக்கச் சொன்னார்கள். எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று என் மனம் என்னிடம் இல்லை. கை பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போயிற்று. நிமிர்ந்தபோது பெண்கள் வந்துவிட்டார்கள்.

"அடியே பெஹியே, என் தேக்சாவ எதுக்குடி மாவு மில்காரி அண்டாவோட சேத்து வச்ச? நானும் அவளும் மூஞ்சி குடுத்துப் பேசியே வருஷக் கணக்காச்சு!" என்றாள் ஒருத்தி.

"ஆமா, உன் தேக்சா பக்கத்துல ஒக்காரணும்னு என் அண்டா தவம் கெடந்துச்சு" என்றாள் மில்காரி.

எல்லாரும் சிரித்தார்கள். "அடுத்த கல்யாணம் அவளுக்குல்ல, கண்ணு எங்க தெரியப்போவுது?" என்று இன்னொருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

சிரிக்காதவள் காவல் சிப்பாய் ஷாகிரின் மனைவி மட்டும். அவள் ஒவ்வொரு பாத்திரமாகப் புரட்டினாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு கீறலும் இன்னொரு கீறலும் ஒன்றுதான் என்று தெரிய எழுத்து எதற்கு?

"இங்க வாங்கடி. இந்த அடுக்குல எல்லாத்துலயும் ஒரே கீறல். அந்த அடுக்குல வேற கீறல். இவ சரியாத்தான் வீடு வீடா அடுக்கியிருக்கா. நம்ம வீடு இல்ல."

பெண்கள் குனிந்து தங்கள் பாத்திரங்களின் விளிம்பைப் பார்த்தார்கள்.

"அவங்க வீடு" என்றாள்.

ஒவ்வொருத்தியும் தன் பாத்திரத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷாகிரின் மனைவி மட்டும், "என் சின்னப் பானை எங்க?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். அது எந்த அடுக்கிலும் இல்லை.

ஹனிம் முதல்முறையாக என்னை அறைந்தாள். பிறகு இரவில் என் படுக்கைப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"என் அண்டாவுல என்னடி எழுதியிருக்கு?"

"அகாபின்னு. தாய்வீட்டுச் சீர்னு."

எழுந்து போனாள். காலையில் அந்த அண்டா சமையலறையில் இல்லை.

பள்ளியை நிறுத்திவிட்டார்கள். என் கல்யாணம் நவம்பர் மாதத்துக்கே வந்துவிட்டது. ஊரில் எல்லாப் பாத்திரங்களிலும் பெயரை அரத்தால் ராவி எடுக்கவேண்டும் என்று எஃபெந்தி சொல்லிவிட்டார். அதற்கு யாகூப்பைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நலம் என்று எழுத மறந்துவிட்டேன்.
பெர்ச்சுஹி


அலெப்போ
1924 அக்டோபர் 26

பெர்ச்சுஹி,

யாகூப் வந்த வேலையை முடித்துக் கிளம்பும் அன்றே நீயும் கிளம்பு. கல்யாணத்துக்கு முன்னால். எதையும் எடுத்துக்கொள்ளாதே, மாற்றுத் துணிகூட வேண்டாம். தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி வெளியே வா.

ஷாகிர் வீட்டுப் பானை எப்படிக் காணாமல் போயிற்று? நீ எடுத்திருந்தால் இரவோடிரவாக அவன் வாசலில் வைத்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். சிப்பாய் வீட்டுச் சந்தேகம் நமக்கு வேண்டாம். அது யாருடைய பானையோ. எத்தனையோ போயிற்று, இதுவும் போகட்டும். எனக்கு நீ வந்தால் போதும்.

மெத்தை தயார்.
மிசாக்


மலாத்யா
1924 நவம்பர் 9

மிசாக் அண்ணாவின் இரண்டு கைகளுக்கும் முத்தம்.

யாகூப் மூன்று நாளாக எங்கள் முற்றத்தில் அரம் போட்டு ராவினார். வீட்டுக்கு வீடு பாத்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். ஷாகிர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நல்லா ராவு, சுரியானி. நாளைக்கு எவனும் வந்து இது எங்கப்பன் வீட்டு அண்டான்னு கேக்கக் கூடாது."

"கேக்க யாருங்க இருக்கா, எஜமான்?" என்றார் யாகூப்.

"யாருமில்ல. அதத்தான் சொல்றேன்."

செம்புத் தூளைப் பெருக்கி அள்ளச் சொன்னார்கள். அள்ளினேன். மாவு மாதிரி மெதுவாக இருந்தது.

நான் வரவில்லை, அண்ணா. பானை கிடைக்காத கோபத்தில் ஷாகிர் யாகூப்மேல் சந்தேகப்படுகிறான். நாளைக்கு மூட்டையைச் சோதித்து, அவனே ஊர் எல்லைவரை கூடப்போய் விடுவானாம். என் முகம் அவனுக்குத் தெரியும். எந்த அனுமதிச் சீட்டும் உதவாது.

பானையைத் திருப்பி வைத்திருந்தால் அவன் இந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டான். எனக்குத் தெரியும். நீ சொல்வதற்கு முன்பே ஒருநாள் இருட்டில் அதை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருமுனைவரை போனேன். வைக்க முடியவில்லை.

அதைக் கல்யாணத்துக்குக் கொடுத்தபோது ஷாகிரின் மனைவி சொன்னாள்: "சின்னதுன்னு பாக்காத, கெட்டியான சாமான். அந்த வருஷம் மலைக்குக் காவல் போனப்ப எங்க வீட்டுக்காரரு கொண்டாந்தது. ஒரு செவப்புக் கச்சையில சுத்திக் கொண்டாந்தாரு. கச்சை கறை போகல, தூக்கிப் போட்டுட்டேன்."

கீழே இறங்கி, இடப்பக்கம் வளைகிறது.

இனிமேல் முதுகுகளைப் பார்க்காதே, அண்ணா.

பானைக்கு வெளியே களிமண் பூசிவிட்டேன். யாகூப் அதில் தணல் போட்டுக் கழுதையின் பக்கத்தில் கட்டிக்கொள்வார். ஈயம் பூசுபவரின் நெருப்புச் சட்டியை யார் கழுவிப் பார்க்கப் போகிறார்கள்? என்னைத்தான் மண் பூசி மறைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். ஹனிம் என் பெட்டியைத் துழாவுகிறாள். இனிக் காகிதம் கிடைக்காது. அப்பா சொன்னது சரிதான், அது வீட்டுக்கு வந்துவிடும். மெத்தையில் நீ படுத்துக்கொள்.

பெர்ச்சுஹி


அலெப்போ
1925 பிப்ரவரி 22

என் உயிரே பெர்ச்சுஹி, உன் இரண்டு கண்களுக்கும் முத்தம்.

நலமா என்று கேட்கமாட்டேன். இதைப் படித்ததும் நீ எரித்துவிட வேண்டும். இந்த ஒரு தடவை நான் சொல்கிறேன்.

வந்து சேர்ந்தது. யாகூப் கதவைத் தட்டி, தணலோடு அப்படியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். பிறகுதான் சட்டியைப் பார்த்தேன். ஊர் எல்லையில் ஷாகிர் குனிந்து அந்தத் தணலில்தான் சிகரெட் பற்ற வைத்தானாம். "நல்ல நெருப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனானாம்.

மண்ணை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மிஹ்ரான்தான் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவினார். எலிவால் தெரிந்ததும் நான் பத்து வயதுப் பையனாகி, அப்பா அடிக்க வருகிற மாதிரி கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யாருடைய பானையோ என்று எழுதியிருந்தேன், இல்லையா? அந்த வரியை நீ எந்த முகத்தோடு படித்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னும் தெருவில் பெண்களின் முதுகுகளைப் பார்க்கிறேன். பழக்கம். பார்த்துவிட்டு நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

ஷாகிரின் சந்தேகம் விழுந்த பிறகு யாகூப் இனி அந்தப் பக்கம் போக முடியாது. மைத்துனர் இந்த ஒரு பயணம் மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார். உன் புது வீட்டு வாசலில் பாத்திரம் விற்கிறவராக வந்து, ஒரு குண்டான் விற்பார். பேரம் பேசி வாங்கு. நான் செய்தது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும். உள்ளே அடியில் வெட்டியிருக்கிறேன். உன் பெயர். தோரோஸ், யெஸ்டர் இவர்களின் மகள், மிசாக்கின் தங்கை. அதற்குக் கீழே இந்தக் கடையின் தெரு. கடைசியில் கோதுமை மணி. இந்தத் தடவை உளி வழுக்கவில்லை. அதன்மேல் யாகூப் தன் கையால் கனமாக ஈயம் பூசிக் கொடுத்தார்.

இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஈயம் தேயும். சுற்றிலும் செம்பு சிவப்பாகத் தெரியும்போது, வெட்டுக்குள் தங்கிய ஈயம் மட்டும் வெள்ளையாக நிற்கும். காகிதத்தை அவர்கள் துழாவலாம், விளிம்பை ராவலாம். குண்டானின் அடியைக் கழுவுகிறவள்தான் பார்ப்பாள். அதை யாரிடமும் திரும்ப ஈயம் பூசக் கொடுத்துவிடாதே. தேய்ந்த பிறகு புளிப்பு எதுவும் அதில் சமைக்காதே, களிம்பு ஏறும்.

எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் இந்தத் தெருவை விட்டுப் போகமாட்டேன். மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது.

மணல் போட்டுத் தேய். தினமும் கொஞ்சம்.

உன் அண்ணன்
மிசாக்